விஜயா வந்து சொல்லட்டும்

செத்துப்போனவளிடம் உத்தரவு கேட்பது என்று முடிவானபோது கனகத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிஷம் அந்தச் சிரிப்பு நின்றது. செத்துப்போன விஜயலட்சுமியைக் கடைசி ஒரு வருஷம் குளிப்பாட்டி, துடைத்து, சோறூட்டி, பீ மூத்திரம் அள்ளிப் போட்டவள் அவள்தான். விஜயா திரும்பி வந்து வாயைத் திறந்தால் என்ன சொல்வாளோ என்று இந்த உலகத்தில் ஒருத்தி பயப்பட வேண்டுமென்றால் அது கனகம்தான். நன்றாகவே பயந்தாள்.

விஷயம் இதுதான். ராஜாங்கத்துக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலை. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். டவுன்ஷிப்பில் பதினாறாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ், முன்னால் மாமரம், பின்னால் முருங்கை. மனைவி விஜயலட்சுமி புற்றுநோயில் படுத்து, போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் பவித்ரா, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். விஜயாவைப் பார்த்துக்கொள்ள மந்தாரக்குப்பத்திலிருந்து தினம் வந்துபோய்க்கொண்டிருந்தவள் கனகம். புருஷனைச் சின்ன வயசிலேயே லாரிக்குப் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி கிடையாது, எந்த வீட்டில் யார் படுத்துவிட்டாலும் கூப்பிடுகிற ஆள். அந்தக் கனகத்தைத்தான் ராஜாங்கம் இப்போது கட்டிக்கொள்ளப் போகிறேன் என்கிறார்.

காதல் என்று சொன்னால் இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆரம்பித்தது பெருங்காயத்தில். விஜயாவின் காரியமெல்லாம் முடிந்து, கனகம் வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்ட பிறகு ஒருநாள் ராஜாங்கம் போன் செய்தார். "கனகம், பெருங்காய டப்பா எங்க இருக்குது?" சொன்னாள். மறுநாள் வெந்தயம். அடுத்த வாரம் குக்கர் விசில். அந்தச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆட்களில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான், கேள்வியில் தப்பில்லை. ஆனால் ஒரு மனுஷன் வீட்டில் எத்தனை சாமான்தான் காணாமல் போகும்? "நீயே ஒரு நட வந்து காட்டிட்டுப் போயேன்" என்று அவர் சொன்ன அன்றைக்கு இரண்டு பேருக்குமே விளங்கிவிட்டது.

இதுவரைக்கும் ஒரு பாவமும் இல்லை. பிறகு எதற்கு நெஞ்சுக்குள் இந்தக் குத்தல் என்று கேட்டால், அதற்கும் கனகத்திடம் காரணம் இருந்தது. யாரிடமும் சொல்லாத காரணம்.

விஜயா உயிரோடு இருந்தபோது நடந்தது. ராஜாங்கம் முதல் ஷிப்ட் முடிந்து, சட்டையெல்லாம் நிலக்கரித் தூசியோடு வந்து பின்பக்கப் படியில் உட்கார்ந்தார். கனகம் டீ கொடுத்தாள். அன்றைக்கு யாரோ ஒருத்தருடைய டிபன் பாக்ஸ் பெல்ட்டில் விழுந்து ஊர்வலம் போனதையும், அந்த ஆள் "என் கொழம்பு, என் கொழம்பு" என்று கூடவே ஓடியதையும் ராஜாங்கம் சொன்னார். கனகம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்! உள்ளே படுக்கையிலிருந்து விஜயாவின் குரல் மெலிசாகக் கேட்டது. "என்னா சிரிப்பு? எனக்குஞ் சொல்லுங்களேன்."

இரண்டு பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். கனகம் உள்ளே போய், "ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? டிபன் பாக்ஸ் கதையில் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லியிருந்தால் அந்த மகராசியும் கொஞ்சம் சிரித்திருப்பாள். சிரிப்பை ஒளித்து வைத்தாள் பாருங்கள், அதுதான் அவளை இன்றைக்கும் அறுக்கிறது.  விஜயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் விஜயா வலியில் முனகிக்கொண்டிருந்தபோது, 'சீக்கிரம் முடிஞ்சா தேவல' என்று கனகம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வலி தீரட்டும் என்றுதான் சொன்னாள். அப்படித்தானே? தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பாள். ஒரு சமயம் ஆமாம் என்று பதில் வரும், ஒரு சமயம் பதிலே வராது.

அதனால்தான் ராஜாங்கம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் ஒரே பிடியாக நின்றாள். "புள்ள வாய்தொறந்து சரின்னு சொல்லணும். அது சொல்லாம நான் இந்த வூட்டுக்குள்ள பொண்டாட்டின்னு காலெடுத்து வெக்க மாட்டேன். அக்காவுக்கு அந்த மரியாதயாச்சும் நான் பண்ணணும்."

ராஜாங்கம் நல்ல மனுஷர். வாய் மட்டும் கிடையாது. மகளிடம் போனில் எப்படிச் சொன்னாரோ, பவித்ரா பத்து நாள் அப்பாவுடன் பேசவில்லை. குள்ளஞ்சாவடியிலிருந்து அவருடைய அக்கா சாமியம்மாள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசலிலேயே ஆரம்பித்தாள். "மூத்தரச் சட்டி எடுக்க வந்தவ எந்தம்பியவே எடுத்துகினு போவப் பாக்குறாளா? கெடையில கெடந்தவ கண்ணு முன்னாடியே வல போட்டுகினு இருந்தாளா?" டவுன்ஷிப் என்றால் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்த சனம், ஒருத்தர் வீட்டை ஒருத்தர் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுதான், காதுக்கு அது ஒரு தடையா?

கனகம் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடத் தெரியாதவள் இல்லை. மந்தாரக்குப்பம் குழாயடியில் அவளிடம் வாய்கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஆனால் சாமியம்மாள் சொன்னதில் பாதி பொய் என்று அடித்துப் பேசப் போனால் மீதிப் பாதி என்ன என்று தனக்குள்ளேயே ஒரு கேள்வி வருமே, அதற்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

பவித்ராவின் கோபம் வேறு மாதிரி. அவள் கத்தவில்லை. பொங்கலுக்கு வந்தவள், கனகம் எதிரே வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். முன்பெல்லாம் "ஆன்ட்டி, அம்மா சாப்பிட்டாங்களா" என்று தினம் போன் செய்த பிள்ளை. இப்போது கூப்பிட ஒரு உறவுமுறைப் பேரும் இல்லாமல் போய்விட்டது. கனகத்துக்கு அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. இரண்டு வருஷமாக இருக்கிறது.

விஜயாவின் கடைசி வாரம் அது. பவித்ரா ஆபீஸில் ஏதோ வேலை முடிகிற நேரம், சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து விஜயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நைட்டி வாணாம், பொடவ கட்டிவுடு கனகம். மூஞ்சிக்குக் கொஞ்சம் பவுடர் போடு. இப்பிடியே பாத்தா புள்ள பயந்துக்கும், தெரியுதா?" என்றாள். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'தெரியுதா' போடுவது அவள் பழக்கம். இன்றைக்கு என்ன கிழமை என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. தினம் காலையில் புடவை, தினம் பவுடர். கட்டிக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, கதவைப் பார்த்தபடி இருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பவுடர் முகத்தோடேயே போய்விட்டாள். கோபமில்லை, தாபமில்லை. இப்போது வந்துவிடுவாள் என்ற நினைப்பிலேயே போனாள்.

பவித்ரா வந்தபோது எல்லாம் குளிப்பாட்டி, மாலை போட்டாகிவிட்டது. அம்மா தன்னை வைதுகொண்டே செத்திருப்பாள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அதைச் சரிசெய்யத்தான் கனகம் பொங்கலன்று சமையலறை வாசலில் அவளை மறித்தாள். "பாப்பா, அம்மா கடைசியா..."

"எங்கம்மாவப் பத்தி நீங்க பேசாதீங்க. ப்ளீஸ்." அந்தப் ப்ளீஸ் இருக்கிறதே, செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. கனகம் வழிவிட்டு ஒதுங்கினாள்.

இப்படி இருக்கும்போதுதான் பவித்ராவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை நெல்லிக்குப்பம், பெயர் அருண்குமார். பவித்ராவே பார்த்துப் பிடித்து, இரண்டு வீடும் சம்மதித்துவிட்டது. அந்த வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பூவும் பொட்டுமாகச் செத்த பெண் அந்த வீட்டுக்குச் சாமி. பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கும்பம் வைத்து, பம்பை அடித்து, நீர்க்கரையிலிருந்து அவளை அழைத்து வந்து, புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். வீட்டுப் பெண்கள் யார்மேலாவது அவள் இறங்கி, நடத்துங்கள் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பந்தக்கால் நடுவது. ராஜாங்கத்தின் வீட்டில் இத்தனை வருஷமாக எந்தப் பூவாடைக்காரி வந்தாலும் சாமியம்மாள் மேல்தான் இறங்கியிருக்கிறாள்.

சாமியம்மாள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "தம்பி, நான் வாணாங்குறேன், நீ வேணுங்குற. எதுக்கு நமக்குள்ள? விஜயா வந்து சொல்லட்டும். அவ ஏத்துகினா நான் ஒரு வார்த்த பேசல. அவ வாணாம்ன்னா நீ இந்தப் பேச்ச வுட்டுடணும்."

ராஜாங்கம் மகளைப் பார்த்தார். "அம்மா சொன்னா எனக்கும் ஓகே" என்றாள் பவித்ரா. ராஜாங்கமும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார், புண்ணியவான். கனகத்திடம் வந்து சொன்னபோது, "யார்மேல வரும்?" என்று கேட்டாள். "எங்கக்கா மேலதான்" என்றார். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தீர்ப்புச் சொல்லப் போவது யாருடைய வாய் என்று தெரிந்த பிறகு கேஸ் எதற்கு? சரி, இதுவும் நமக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். விஜயாவிடம் வாங்கவேண்டிய அடியைச் சாமியம்மாள் கையால் வாங்கிக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படையல். கனகமும் இருக்க வேண்டும் என்று சாமியம்மாள் கட்டளை. "மொகத்துக்கு நேரா சொல்லட்டும்." தாலி இல்லாதவள் என்பதால் படையல் பக்கம் வரக்கூடாது, சமையலறை வாசலோடு சரி. காலையிலிருந்து கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்ததும், வடைக்கு அரைத்ததும் அவள்தான், அதற்கு மட்டும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

சொந்த ஊரில் என்றால் கிணற்றங்கரையிலிருந்து அழைப்பார்கள். அந்தக் கிணறும் நிலமும் சுரங்கத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, அதற்குத்தான் ராஜாங்கத்துக்கு வேலை கிடைத்தது. அதனால் பிளாக்குக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால்தான் நீர்க்கரை. சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர். சாமியம்மாள் அதில் குடத்தை மொண்டு, மஞ்சள் பூசி, வேப்பிலையும் மல்லிகையும் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பம்பைக்காரர் கொளஞ்சியப்பன் முன்னால் அடித்துக்கொண்டு வந்தார். ஹாலில் விஜயாவின் படம், அரக்கு நிறப் புதுப் புடவை, இலை நிறையப் பலகாரம். சின்ன ஹாலுக்குள் பம்பை அடித்தால் எப்படி இருக்கும்? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் சுவரோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கொளஞ்சியப்பன் விஜயாவைக் கூப்பிட்டுப் பாடினார். பூவோடு போனவளே, பெற்ற மகள் கல்யாணம், வந்து ஒரு வார்த்தை சொல் என்று கூப்பிட்டார். சாமியம்மாள் கண்ணை மூடிக் கும்பத்தின் முன்னால் நின்றாள். கனகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதோ இப்போது ஆடுவாள், இதோ இப்போது தன்னைப் பார்த்துக் கையை நீட்டுவாள் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

சாமியம்மாள் ஆடவில்லை.

பம்பை வேகம் கூடியது. சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. சாமியம்மாளின் முகத்தில் வேர்வை வழிந்தது, உதடு துடித்தது, அவ்வளவுதான். நினைத்திருந்தால் ஒரு தலையாட்டில் காரியத்தை முடித்திருக்கலாம், கனகத்தைத் தெருவுக்கு அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. வராததை வந்ததென்று சொல்ல அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியாது. கனகத்துக்கு அவள்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கடைசியில் சாமியம்மாள் கண்ணைத் திறந்தாள். "வர்ல" என்றாள். குரல் உடைந்திருந்தது. "வாசப்படி வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்குறா."

"வூட்டுல ஆவாதது நின்னுகினு இருந்தா எப்பிடி வருவா?" என்று சொந்தக்காரர்கள் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். எல்லாத் தலையும் சமையலறைப் பக்கம் திரும்பியது. ராஜாங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்து, வழக்கம்போல மூடிக்கொண்டார். சரி, நாம் போய்விடுவோம், நாம் போனால் அவள் வந்துவிடுவாள் என்று கனகம் பின்கதவுப் பக்கம் திரும்பினாள்.

அப்போதுதான் பவித்ரா அழுதாள். "அத்த, அவங்களால இல்ல. அம்மாவுக்கு எம்மேலதான் கோவம். உடனே கிளம்பாம சனிக்கிழம வரேன்னு தள்ளிப் போட்டுட்டேன். எவ்ளோ நேரம் பாத்துட்டு இருந்தாங்களோ. அதான் வரமாட்டேங்குறாங்க." கும்பத்தின் அடியில் சரிந்து உட்கார்ந்து, நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டாள். "ஒரு தடவ வாம்மா. திட்டிட்டாச்சும் போம்மா. நீ வராம எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்." அம்மா செத்த அன்றைக்குக்கூட அந்தப் பெண் இப்படி அழவில்லை. சாமியம்மாள் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொளஞ்சியப்பன் கையை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

பின்கதவுத் தாழ்ப்பாளில் கனகத்தின் கை. விஜயா என்ன நினைப்பில் போனாள் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். தன் வாயால் சொன்னால் அந்தப் பெண் காதில் வாங்காது. யார் வாயால் சொன்னால் வாங்கும்?

சத்தியமாகச் சொன்னால் கனகம் மேல் எதுவும் வரவில்லை. உடம்பு சிலிர்க்கவில்லை, கண் இருட்டவில்லை. கொண்டையை அவிழ்த்தது அவளுடைய சொந்தக் கைதான், தெரிந்தே அவிழ்த்தாள். பாதி அந்தப் பிள்ளைக்காக அவிழ்த்தாள். மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டியதுதான்: வாக்குச் சொல்கிற வாய் தன் வாயாக இருந்தால் எப்படி இருக்கும் என்று மனசின் ஒரு மூலையில் ஓடியது. பொய் சொல்லக்கூடாது, ஓடியது.

"ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கனகம் ஹாலுக்குள் வந்து விழுந்தாள். கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. சாமியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். கொளஞ்சியப்பன் எத்தனையோ சாமியாடிகளைப் பார்த்தவர். குனிந்து ஒரு கணம் கனகத்தின் கண்ணுக்குள் பார்த்தார். என்ன கண்டாரோ, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பம்பையைத் தணித்து, "வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லு தாயே" என்றார்.

கனகம் எழுந்து உட்கார்ந்து இருமினாள். விஜயா கடைசி மாசங்களில் பேச்சைத் தொடங்குமுன் இருமுகிற அதே காய்ந்த இருமல். "நாந்தான். விஜயா. எங்க எம்பொண்ணு?"

ஒரு வருஷம் பக்கத்திலிருந்து கேட்ட குரல், அச்சு அசலாக வந்தது. அவளுக்கே பயமாக இருந்தது. பவித்ரா நிமிர்ந்தாள். முழங்காலாலேயே நகர்ந்து வந்து கனகத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா! நான் வரலம்மா. மன்னிச்சிடும்மா."

"எதுக்குடி அழுவுற? சனிக்கெழம வருவேன்னு சொன்ன. நான் பொடவ கட்டிகினு, பவுடர் போட்டுகினு, உனுக்காவ ஒக்காந்துகினு இருந்தேன், தெரியுதா? நைட்டியோட பாத்தா புள்ள பயந்துக்கும்னு தெனம் பொடவ கட்டிகினேன். இதோ வந்துடுவ, இதோ வந்துடுவன்னு நெனச்சிகினே போய்ட்டேன். கோவம் யாருக்கு? எனுக்கா? பெத்த புள்ள மேலயா?" இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சொன்ன வாய்தான் பொய். "நல்லா இருப்ப பாப்பா. கல்யாணத்த நடத்துங்க, தெரியுதா?"

அந்தத் 'தெரியுதா'வைக் கேட்டதும் ஹாலில் அழாதவர்கள் இல்லை. சாமியம்மாள் தடாலென்று காலில் விழுந்தாள். அவ்வளவு பெரிய மனுஷி தன் காலில் விழுந்ததும் கனகம் பயந்துபோனாள். போதும், இதோடு மலையேறிவிடுவோம் என்று கற்பூரத்துக்குக் கையை நீட்டினாள்.

"இரு தாயே" என்று சாமியம்மாளே தடுத்தாள். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பம்பைக்காரருக்குச் சைகை காட்டினாள். கொளஞ்சியப்பன் கேட்டார். "ஒம் புருஷன் இன்னொருத்தியக் கட்டிக்கணும்ன்னு நிக்குறாரு தாயே. கனகம்ன்னு பேரு. ஒன்னக் கடைசி வரைக்கும் பாத்துகினவ. அவள ஏத்துக்குறியா?"

ஏத்துகினேன் என்று ஒரு சொல். அதுதான் வேண்டும். சொல்லிவிட்டால் இந்த வீடு, இந்த மனுஷன், ஒரு வாழ்க்கை. சாமியம்மாள் தட்டமாட்டாள், ஊர் தட்டாது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கீழே பவித்ரா அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தாள். அந்த விசும்பல் கனகத்தின் உடம்புக்குள் இறங்கியது. சிரிப்பை ஒளித்து வைத்தாய், இப்போது அவள் வாயையும் எடுத்துக்கொண்டாயா என்று உள்ளே ஒன்று கேட்டது. இந்தச் சொல்லை மட்டும் விஜயாவின் குரலில் சொல்ல அவளால் முடியவில்லை.

"என்ன எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள். "எம்பொண்ணக் கேளுங்க. அது சொல்றதுதான் என் வாக்கு, தெரியுதா?"

பிள்ளை இப்போது இளகியிருக்கிறது, மாட்டேன் என்று சொல்லாது. அந்தக் கணக்கும் கூடவே இருந்தது. நல்லவள்தான் கனகம், ஆனாலும் இருந்தது.

பவித்ரா தலையை நிமிர்த்தவில்லை. கைகளை இன்னும் இறுக்கினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "வேணாம்மா. அவங்க வேணாம்மா. எனக்கு நீ போதும்."

 வாழ்க்கையில் யாரும் கனகத்தை இவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டதில்லை. அந்தக் கையும் அந்தச் சொல்லும் ஒரே நேரத்தில்.

"கனகம்!" என்று ராஜாங்கம் கத்தினார். ஆடுவது யார் என்று அந்த மனுஷருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பக்கத்திலிருந்து முன்னால் வந்து, வேண்டாம், அதற்குச் சரி என்று சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"கனகமாவது! அது விஜயாடா, எட்ட நில்லு" என்று சாமியம்மாள் அவரைப் பிடித்து இழுத்தாள்.

இந்த இடத்தில் கூந்தலை முடிந்துகொண்டு எழுந்து, இதெல்லாம் பொய், நான் கனகம்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? தன் மானம் போகும், போகட்டும். புடவை கட்டிப் பவுடர் போட்டுக் காத்திருந்த அம்மாவும் சேர்ந்து பொய்யாகிப் போவாள். இந்தப் பிள்ளை மறுபடியும் தரையில் நெற்றியை வைத்துக்கொள்ளும். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி அது கனகத்தின் வாக்கு இல்லை.

கனகம் பவித்ராவின் தலையில் கையை வைத்தாள். "சரி பாப்பா" என்றாள். எரிகிற கற்பூரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சாய்ந்தாள்.

தண்ணீர் தெளித்தார்கள். விசிறினார்கள். அவளை உள் அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள், விஜயா படுத்திருந்த அதே அறை. வெளியே பலகாரம் பங்கிடுகிற சத்தம், நாளைக்கே பந்தக்கால் நட்டுவிடலாம் என்ற பேச்சு, சாமியம்மாளின் குரல்: "எம்மேல வராதவ அவ மேல வந்தாளே, அவளும் குடுத்து வெச்சவதான்." ராஜாங்கத்தின் குரல் மட்டும் எங்கேயும் கேட்கவில்லை. நாக்கு வெந்துபோயிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பவித்ரா வந்தாள். கையில் மோர் டம்ளர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கனகத்தின் முதுகைத் தாங்கி எழுப்பிக் குடிக்கக் கொடுத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. இரண்டு வருஷமாக அதில் இருந்த இருட்டு இல்லை. அது ஒன்றுதான் கனகத்துக்கு ஆறுதல்.

அருள் வந்து போனவர்களுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். "உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள் பவித்ரா.

ஆன்ட்டி என்கிறாள். கனகம் கண்ணை மூடித் திறந்தாள். "ஒண்ணுந் தெரியலயேம்மா. என்னா ஆச்சு?"

"அம்மா வந்தாங்க. உங்க மேலதான் வந்தாங்க. என்கிட்ட நல்லாப் பேசினாங்க." பவித்ரா டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்புறம் உங்களப் பத்திக் கேட்டாங்க. அம்மா..." நிறுத்தினாள். முகம் சிவந்து கண் நிறைந்தது. கனகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு வேகமாகச் சொன்னாள். "அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி. நான் எதுவும் சொல்லல. அம்மாதான் சொன்னாங்க. என்மேல கோவிச்சுக்காதீங்க."

கனகம் அந்தப் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தாள். இந்தப் பொய்யை இந்தப் பெண் எவ்வளவு காலம் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

"அதுக்கு நீ எதுக்கும்மா அழுவுற?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா சொன்னா சரிதான்."